எண்ணூறு கிராமும் ஒரு கையெழுத்தும்

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்கிவிடும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரசவ வார்டு வாசலில் பாட்டிகள் இதைச் சொல்லி என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம். பாட்டிகள் மாதத்தை எண்ணினார்கள், நாங்கள் வாரத்தை எண்ணினோம். ஆறரை மாதம் என்று அவர்கள் சொல்வது 25 வாரமாகவும் இருக்கும், 29 வாரமாகவும் இருக்கும். அந்த நான்கு வார இடைவெளிக்குள்தான் என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது.

நான் மருத்துவராகச் சேர்ந்தது 1980களின் கடைசியில், தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில். பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று பெயர். இரண்டு பழைய இன்குபேட்டர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், பிள்ளைக்குச் சூடு கொடுக்க மஞ்சள் பல்பு. 'பெட்டியில் வைத்திருக்கிறார்கள்' என்று ஊரார் சொல்வார்களே, அந்தப் பெட்டிதான் எங்கள் சொத்து. அப்போது தராசுதான் தீர்ப்புச் சொன்னது. 1 கிலோவுக்கு மேல் என்றால் பெட்டி; கீழே என்றால் பஞ்சில் சுற்றி ஓரமாக வைப்பார்கள். பதிவேட்டில் சிலரை 'கருச்சிதைவு' என்றே எழுதினார்கள். அழுத பிள்ளைகூட அப்படி எழுதப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். பெற்றவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வென்டிலேட்டர் இல்லை, மருந்து இல்லை; கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம்.

இந்தப் பிள்ளைகளைக் கொன்றது பெரும்பாலும் நுரையீரல்தான். மூச்சை வெளியே விட்டதும் நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சில் அவற்றைப் பிரிக்க அந்தச் சின்ன மார்பு குழிந்து குழிந்து போராடும். சில மணி நேரத்தில் களைத்துப்போகும். ஒட்டாமல் காக்கிற சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதாததே காரணம் என்று 1959இல் அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரி காட்டினார். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகனே இந்த நோயால் இரண்டு நாளில் இறந்தான். அவன் 34 வாரத்தைத் தாண்டிப் பிறந்தவன், எடை 2 கிலோவுக்கு மேல். இன்று அப்படி ஒரு பிள்ளை நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே பிழைத்து வீடு போகும். 1980இல் ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலில் இருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி வெற்றி கண்டார். எங்கள் கைக்கு அது வந்து சேர 1990களின் நடுப்பகுதி ஆயிற்று.

முதன்முதலில் அந்த மருந்தைக் கொடுத்த பிள்ளை ஒரு லாரி ஓட்டுநரின் மகன். ஒரு குப்பியின் விலை அப்போதைய என் மாதச் சம்பளத்தைவிட அதிகம். அவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தார். மருந்து உள்ளே போன ஒரு மணி நேரத்தில் மார்பு குழிவது குறைந்தது, நீலம் பாய்ந்திருந்த உதடு சிவந்தது. நாங்கள் பூரித்துப்போனோம். பக்கத்துப் பெட்டியில் அதே எடையில் இன்னொரு பிள்ளை கிடந்தது. அந்தக் குடும்பத்தில் அடகு வைக்க எதுவும் இல்லை. மறுநாள் விடியும் முன் அது இறந்தது. மருந்தே இல்லாத காலத்தில் எல்லாப் பிள்ளையும் ஒரே கதியில் இருந்தன. மருந்து வந்த நாளில் இருந்துதான் யாருக்கு, எவ்வளவு தூரம், யார் சொல்லி என்ற கேள்விகள் எங்கள் வார்டுக்குள் வந்தன. இன்று அரசுப் பிரிவுகளில் அந்த மருந்து இலவசம். கேள்விகள் போகவில்லை.

விலை உயர்ந்த மருந்தைப் பற்றிப் பேசும்போது, இளம் மருத்துவர்களிடம் விலை குறைந்த ஊசியைப் பற்றியும் சொல்வேன். குறைமாதப் பிரசவம் நெருங்குகிறது என்று தெரிந்ததும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் வேகமாக முதிரும். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி இருவரும் இதை 1972இல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க அது வழக்கத்துக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. நம் நாட்டில் போடுவது டெக்ஸாமெத்தசோன்: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு ஊசி. சில ரூபாய்ச் செலவு. 2014இல் கிராம சுகாதாரச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது. அதற்குப் பிறகு, பேருந்தே அரிதாகப் போகிற ஒரு மலையடிவாரக் கிராமத்தில் இருந்து 27 வாரக் கர்ப்பிணி ஒருவர் 108 வண்டியில் வந்தார். கையில் ஒரு சீட்டு. ஊசி போட்ட நேரமும் பனிக்குடம் உடைந்த நேரமும் அதில் தெளிவாக எழுதியிருந்தன. அந்தப் பிள்ளைக்கு வென்டிலேட்டரே தேவைப்படவில்லை. மூக்கில் காற்றழுத்தம் கொடுக்கும் சிபேப் போதுமானதாக இருந்தது. அந்தச் செவிலியர் செய்ததுதான் அன்று நடந்த பெரிய சிகிச்சை.

பிழைக்க வைப்பதே குறி என்று இருந்த காலத்தில் எங்களைப் போன்றவர்களை உலுக்கியது கண்தான். 1940களிலேயே மேலைநாடுகளில் பெட்டிக்குள் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். காரணம் புரிய 1950களின் நடுப்பகுதி ஆனது. இந்த வரலாறு எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் இருந்தது. ஆனால் வார்டில் ஆக்சிஜனின் அளவைக் கலந்து குறைக்கும் கருவி இல்லை. சிலிண்டரைத் திறந்தால் முழு ஆக்சிஜன், மூடினால் ஒன்றுமில்லை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் 1996இல் 29 வாரத்தில், 1,250 கிராமில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை. அவள் பார்வை போயிற்று. அந்த வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நாடு முழுக்க மருத்துவமனைகள் கண் மருத்துவரைத் தேடி ஓடத் தொடங்கியது அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் என்று சொல்லலாம். இப்போது 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எந்தப் பிள்ளைக்கும் நான்கு வாரத்துக்குள் விழித்திரை பார்க்க வேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இன்னும் முன்னதாகவே. ஒரு வாரம் தவறினாலும் லேசர் செய்யும் வாய்ப்புத் தவறிவிடும். வீட்டுக்குப் போன பிறகு 'பிள்ளை நல்லாத்தானே இருக்கு' என்று வராமல் இருந்தவர்களை ஃபோன் போட்டுத் திட்டியே வரவைத்தோம்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் மிகச் சிறிய குழந்தை ஒன்றைப் பற்றிய முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? தாய் அறுவை முடிந்து மேல்மாடியில் மயக்கம் தெளியாமல் படுத்திருப்பாள். கீழே பிரிவின் வாசலில் கணவன், மாமனார், பெரியப்பா, மருந்துக்கடை நடத்துகிற ஒரு சொந்தக்காரர், ஃபோனில் சென்னையில் இருக்கிற ஒரு 'படித்தவர்' எல்லோரும் கூடுவார்கள். மருத்துவர் வெளியே வந்து ஐந்து நிமிடம் பேசுவார். வென்டிலேட்டர், மூளை ரத்தக்கசிவு, தொற்று என்று சொற்கள் விழும். ஒரு படிவம் நீட்டப்படும், கணவன் கையெழுத்துப் போடுவான். மேல்மாடிக்குப் போகிற செய்தி ஒன்றே ஒன்று: "பிள்ளை நல்லா இருக்கு, நீ தூங்கு."

ஒரு பிள்ளையை மறக்க முடியாது. 26 வாரம், 720 கிராம். தாய்க்கு இதற்கு முன் இரண்டு கர்ப்பம் தவறியிருந்தது. அந்த எடையில் பிள்ளையின் உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தமே ஏறக்குறைய 60 மில்லி, டீக்கடை கிளாஸில் பாதி. பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்குப் பார்ப்போம். தோல் அவ்வளவு மெல்லியது, பிளாஸ்டர் ஒட்டி எடுத்தால் கூடவே வரும். நான்காம் நாள் உச்சிக்குழி வழியாக ஸ்கேன் பார்த்தோம். இரண்டு பக்கமும் ரத்தக்கசிவு, ஒரு பக்கம் மூளைத் திசுவுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

வாசலில் ஆண்கள் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்கள். பிழைக்குமா, நடக்குமா, இன்னும் எத்தனை நாள். நியாயமான கேள்விகள்தான். பெரியவர் ஒருவர், "அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிராதீங்கம்மா, தாங்க மாட்டா. நாங்க முடிவு பண்ணிச் சொல்றோம்" என்றார். அன்பில்தான் சொன்னார், சந்தேகமில்லை. நான் மறுத்துவிட்டு, சக்கர நாற்காலியில் தாயை அழைத்துவரச் சொன்னேன். அவள் கைகழுவி, கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். அழவில்லை. குழந்தையின் காலில் ஊசி குத்திய தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அதுக்கு வலிக்குமா, டாக்டரம்மா?" என்றாள்.

வாசலில் யாரும் கேட்காத கேள்வி. வலிக்கும் என்றேன். வலிக்கு மருந்து தரலாம், குத்துவதைக் குறைக்கலாம், இதயம் நின்றால் மார்பை அமுக்காமல் விடலாம், அதே சமயம் இப்போது தருகிற சிகிச்சையைத் தொடரலாம் என்று வழிகளைச் சொன்னேன். "ரெண்டு நாள் பாப்போம். குத்துறத மட்டும் நிப்பாட்டுங்க" என்றாள். அடுத்த இரண்டு நாளும் அவள் அந்த நாற்காலியிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கியபோது அவளே, "போதும்மா, எங்கிட்ட குடுத்துருங்க" என்றாள். குழாயை எடுத்துவிட்டு அவள் மார்பில் படுக்க வைத்தோம். எங்கள் பக்கத்தில் பிள்ளையை அடக்கம் செய்யப் பெண்கள் போவதில்லை. பல தாய்மார் தாங்கள் பெற்றதின் முகத்தையே பார்க்காமல் வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் ஆண்டுகள் கழித்து வந்து என்னிடம் கேட்டது, "அது யார் மாதிரி இருந்துச்சு?" என்பதுதான். இந்தப் பெண் அந்தக் கேள்வியோடு வரவில்லை.

எல்லாத் தாயும் இப்படி நிதானமாக முடிவெடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், அவரே பாத்துக்கட்டும்" என்றவர்கள் உண்டு, அதையும் மதித்தோம். ஆனால் அந்த வார்த்தை அவள் வாயில் இருந்து வர வேண்டும். தாங்க மாட்டாள் என்று வாசலில் நிற்பவர்கள் தீர்மானிக்கக் கூடாது.

சட்டம் இங்கே அதிகம் துணைக்கு வராது. 2011இல் உச்ச நீதிமன்றம் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்குவதற்கு வழி காட்டியது. 2018இல் கண்ணியமாக இறப்பதும் உரிமை என்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. ஆனால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் முன்விருப்ப ஆவணம் வயது வந்தவர்கள் எழுதிவைப்பது. பிறந்து நான்கு நாளான பிள்ளை எதை எழுதும்? அதனால் பல மருத்துவர்கள் பயந்து, பலனில்லை என்று தெரிந்தும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். நாங்கள் கடைப்பிடித்தது இதுதான்: இரண்டு மூத்த மருத்துவர்கள் தனித்தனியே பார்ப்பது, கவனித்த சிஸ்டரின் கருத்தைக் கேட்பது, பெற்றோர் இருவரிடமும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பேசுவது, பேசியதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுவது. முதல் நாள் எடுத்த முடிவை நான்காம் நாள் ஸ்கேனுக்குப் பின் மறுபடி பேச வேண்டும், தொற்று வந்தால் மறுபடி பேச வேண்டும். பிறந்த நொடியில் ஒருமுறை முடிவெடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை தீர்ந்தது என்பது தவறு.

இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதை 'லாமா' என்பார்கள். மருத்துவர் சொல்லை மீறி அழைத்துப் போகிறோம் என்று எழுதிக் கொடுப்பது. தனியார் மருத்துவமனையில் பத்துப் பதினைந்து நாள் வைத்திருந்து, கையில் இருந்ததும் கடன் வாங்கியதும் தீர்ந்த பின் பெற்றோர் அதில் கையெழுத்திடுகிறார்கள். பதிவேட்டில் அது 'பெற்றோர் விருப்பம்' ஆகிவிடுகிறது. எனக்கு இதில் உள்ள கோபம் இன்றுவரை குறையவில்லை. அது விருப்பம் அல்ல. மூச்சுக்குழாயோடு இருக்கும் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி எந்தத் தகப்பன் விரும்புவான்? பெண் பிள்ளை என்றால் அந்தக் கையெழுத்து சீக்கிரம் விழுவதையும் பார்த்திருக்கிறேன். "முதலே சொல்லியிருந்தா நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கே வந்திருப்போமே" என்று இரவு இரண்டு மணிக்கு எங்கள் வாசலில் நின்று அழுதவர்கள் பலர். 28 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளை, எல்லாம் நன்றாகப் போனாலும், இரண்டு மூன்று மாதம் மருத்துவமனையில் இருக்கும். அதை முதல் நாளே சொல்வதும் சிகிச்சைதான். 2011 முதல் அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, வாகனம் எல்லாம் இலவசம் என்று திட்டமே இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லும் தனியார் மருத்துவர்களும் உண்டு; அவர்களை நான் கும்பிடுவேன்.

கருவிகள் கூடின, மருந்துகள் கூடின, ஆனாலும் பிழைத்துவிட்டது என்று நாங்கள் மூச்சுவிட்ட பிள்ளைகளை மூன்றாம் வாரத்தில் கொண்டுபோனது கிருமி. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமிகள் எங்கள் பிரிவுகளிலேயே குடியிருந்தன. ஒரு சிஸ்டர் எட்டுப் பிள்ளையைப் பார்க்கும் இரவில் ஒவ்வொரு முறையும் கைகழுவ நேரம் எங்கே இருக்கும்? தொற்றைக் குறைத்தது புது மருந்து அல்ல. கூடுதல் செவிலியர், தாய்ப்பால், தாயின் தோல். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் பெட்டி போதாமல் தாயின் மார்பிலேயே பிள்ளையைக் கட்டிவைத்துத் தொடங்கியதுதான் கங்காரு பராமரிப்பு. நாங்கள் அதை வெகுநாள், பிள்ளை தேறிய பின் தருகிற கொசுறாகவே வைத்திருந்தோம். 2021இல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. டெல்லியில் உள்ளது உட்பட, ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பிறந்ததில் இருந்தே தாயோடு வைத்தார்கள். 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்தில் இருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. அதற்காகத் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போட்டார்கள்.

எங்கள் பிரிவில் கட்டில் போட இடமில்லை என்று முதலில் எல்லோரும் எதிர்த்தார்கள். ஒரு சாமான் அறையைக் காலி செய்து நாற்காலிகள் போட்டோம். தொற்றோடு இன்னொன்றும் மாறியது. பிள்ளையின் மூச்சை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற தாயிடம் எதையும் மறைக்க முடியாது. "நேத்து மாதிரி இல்ல, இன்னைக்கு நிறம் மாறுது" என்று எங்களுக்கு முன்பே அவள் சொல்வாள். அவளிடம் கெட்ட செய்தி சொல்லும்போது அது வானத்தில் இருந்து விழுந்தது போல இருப்பதில்லை.

பிழைத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் பள்ளிக்குப் போகிறார்கள். சிலர் கண்ணாடி போட்டுக்கொண்டு, கணக்கில் கொஞ்சம் பின்தங்கி. ஒருவன் காவல் துறையில் சேர்ந்துவிட்டான். 800 கிராமில் பிறந்த இன்னொருவன் பன்னிரண்டு வயதிலும் நடக்கவில்லை, அவனைத் தூக்கிக்கொண்டுதான் அம்மா வருவார். ஒருமுறை அவர் சொன்னார்: "அன்னைக்கு எங்கிட்ட யாரும் சொல்லலம்மா. சொல்லியிருந்தாலும் இவன வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ஆனா தயாரா இருந்திருப்பேன். ரெண்டு வருஷம் சும்மா கோயில் கோயிலா சுத்தாம அப்பவே பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்." உண்மையைச் சொன்னால் குடும்பம் பிள்ளையைக் கைவிடும் என்று பயப்படும் மருத்துவர்களுக்கு நான் இதைச் சொல்வேன்.

எல்லை எது என்று இப்போது கேட்கிறார்கள். பிரிட்டனில் மருத்துவ அறம் பேசும் நஃபீல்ட் குழு 2006இல், தீவிர சிகிச்சை 22 வாரத்தில் வேண்டாம், 23இல் பெற்றோர் சொல்படி, 24இல் பொதுவாகக் கொடுக்கலாம் என்றது; இப்போது அங்கேயே அந்தக் கோடு கீழே இறங்கிவிட்டது. ஜப்பான் 1991லேயே 22 வாரத்துக்கு வந்துவிட்டது. 2020இல் அமெரிக்காவின் அலபாமாவில் 21 வாரமும் ஒரு நாளுமான, 420 கிராம் ஆண் குழந்தை பிழைத்தது. உலகச் செய்தியானது. கூடப் பிறந்த தங்கை மறுநாளே இறந்தாள், அது செய்தியில் ஒரு வரி. நம் ஊர்ச் செய்தித்தாளிலும் 'அரை கிலோ குழந்தை, மருத்துவ அதிசயம்' என்று படத்தோடு வருகிறது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வசதியும் இல்லாத நர்சிங் ஹோமில் 23 வாரத்தில் பெற்ற தம்பதியர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஜப்பானில் போதிய செவிலியர்களோடு சாதிப்பதை, எட்டுப் பிள்ளைக்கு ஒருவர் என்கிற இடத்தில் வாக்குறுதியாகக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு பிரிவும் தன் கையில் எத்தனை வாரத்துப் பிள்ளை எத்தனை பிழைத்தது, எத்தனை நலமாக இருக்கிறது என்ற சொந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பெற்றோரிடம் பேச வேண்டும்.

2020இல் மட்டும் இந்தியாவில் 30 லட்சம் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உலகிலேயே இதுதான் அதிகம். உங்கள் வீட்டிலும் இது நேரலாம். ஏழு மாதம் முடியும் முன்பே வலி வந்தாலோ பனிக்குடம் கசிந்தாலோ பக்கத்தில் இருக்கிற நர்சிங் ஹோமில் பெற்றுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வயிற்றில் இருக்கும்போதே, பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயைக் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். பிறந்த பின் மருத்துவர் பேச அழைத்தால், தாயால் எழுந்து உட்கார முடிகிற வரை பெரிய முடிவு எதையும் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் மருத்துவரை அவள் கட்டிலுக்கு வரச் சொல்லுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.